குழாய் நீரும் தொற்று நோய்களும்: தில்லி நிகழ்ச்சி கற்பிக்கும் பாடம்

1955-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் தில்லி மாநகரின் மருத்துவமனைகளில் மஞ்சள் காமாலை நோயாளிகளின் எண்ணிக்கை திடீரெனப் பெருகியது. 1956 ஜனவரி முடிய நீடித்த இந்நோய், சேரிகளில் மட்டுமன்றி வசதி படைத்தோர் வாழும் பகுதிகளிலும் பரவியது. நோயுற்றோர் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஒரே கடையில் உண்டவர்களும் அல்லர். அவர்கள் அனைவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே. அது நகராட்சிக் குழாயில் வந்த குடிநீர்.

கண்ணும் உடலும் மஞ்சளித்து வெளிப்படையாக நோயுற்றோர் மட்டும் சுமார் 29,300 பேர் என்று பின்னர் நடந்த ஆய்வு மதிப்பிட்டது. இறந்தோரின் விகிதம் பொதுமக்களிடையே குறைவாகவே இருந்தபோதிலும், கருவுற்ற பெண்களிடையே அது மிகுதியாகக் காணப்பட்டது. சுத்திகரிக்கப்பட்டு, குளோரின் கலந்து, உரிய சோதனைகளுக்கும் உட்படுத்தப்பட்டு வழங்கப்பட்ட நீர் இத்தனை பேரை எவ்வாறு நோய்க்கு ஆளாக்கிற்று? பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவர்களும், குடிநீர் வழங்கும் பொறுப்பை ஏற்றுள்ள அலுவலர்களும் இன்றும் ஆராய்ந்து தெளிய வேண்டிய வினா இது.

நிகழ்ந்தது என்ன?

அக்காலத்தில் தில்லியின் குடிநீருக்கு முதன்மையான ஆதாரம் யமுனை ஆறு. வஜீராபாத் என்னுமிடத்தில் ஆற்றுநீர் இறைக்கப்பட்டு, சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. இறைப்பிடத்துக்குச் சற்றுக் கீழே நஜஃப்கட் கால்வாய் ஆற்றில் கலக்கிறது. நகரின் கழிவுநீரைச் சுமந்து வரும் இக்கால்வாய் இறைப்பிடத்துக்குக் கீழே அமைந்திருந்தமையால், கழிவுநீர் ஆற்றின் போக்கில் சென்றுவிடும் என்று கருதப்பட்டது. சாதாரண நாட்களில் அவ்வாறே நடந்தும் வந்தது.

1955 இலையுதிர்காலத்தில் யமுனையில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபோது ஆறு தன் பழைய தடத்தைவிட்டு விலகி ஓடலாயிற்று. இறைப்பிடத்துக்கு அருகில் நீரோட்டம் குன்றியது. கீழே கலக்க வேண்டிய கால்வாயின் கழிவுநீர் பின்னோக்கி ஏறி இறைப்பிடத்தை எட்டியது. நவம்பர் மாதத்தின் நடுப்பகுதியில் ஏறத்தாழ ஒரு வார காலம் இந்நிலை மிகக் கடுமையாக இருந்தது.

நீர் நிலையப் பொறியாளர்கள் இதனை அறியாமல் இருந்துவிடவில்லை. வரும் நீரின் தன்மை கெட்டிருப்பதைக் கண்டு, குளோரினின் அளவைக் கூட்டினர். அதன் பயனும் வெளிப்படையாகத் தெரிந்தது. கழிவுநீர் கலந்த நீரால் வழக்கமாகப் பரவும் டைபாய்டு காய்ச்சலும் பாக்டீரியாக்களால் வரும் சீதபேதியும் நகரில் பெருகவில்லை. பாக்டீரியாக்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்பதற்கு இதுவே சான்று. ஆனால் சில வாரங்கள் கழித்து மஞ்சள் காமாலை வெடித்தது. பாக்டீரியாவை அழித்த குளோரின், அதனினும் நுண்ணியதான வைரஸை முற்றிலும் அழிக்கவில்லை என்பதை இந்நிகழ்ச்சி புலப்படுத்தியது.

டாக்டர் ஆர். விசுவநாதன் நடத்திய விரிவான ஆய்வு 1957-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியாயிற்று. நீர்வழிப் பரவும் கல்லீரல் அழற்சி குறித்து உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வாக அது விளங்குகிறது. அப்போது நோயை விளைவித்த வைரஸ் எது என்பது அறியப்படவில்லை. 1978-இல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் இதே போன்றதொரு கொள்ளைநோய் பரவியபோது, டாக்டர் முகம்மது சுல்தான் குரூ அதனை ஆராய்ந்து, இது அதுவரை அறியப்பட்ட வகைகளினின்றும் வேறானது என்று 1980-இல் வெளியிட்டார். அதே ஆண்டில், தில்லி நோயாளிகளிடமிருந்து எடுத்துப் பாதுகாக்கப்பட்ட குருதி நீரைச் சோதித்தபோது, 1955 நோயும் ஹெபடைடிஸ் ஏ வகையைச் சேர்ந்ததன்று என்பது உறுதியாயிற்று. 1983-இல் சோவியத் அறிவியலாளர் மிகயில் பாலயான் இவ்வைரஸை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். 1990-இல் அதன் மரபுக்கூறு பிரித்தறியப்பட்டு, ஹெபடைடிஸ் ஈ என்னும் பெயர் நிலைபெற்றது. கருவுற்ற பெண்களுக்கு இறுதி மூன்று மாதங்களில் இந்நோய் வருமாயின் 20 முதல் 25 விழுக்காட்டினர் வரை உயிரிழக்க நேரிடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது.

நீர்வழிப் பரவும் நோய்கள்

நீர்வழிப் பரவும் தொற்று நோய்களில் பெரும்பாலானவற்றின் பயணப் பாதை ஒன்றே. நோயுற்ற ஒருவரின் மலத்திலிருந்து வெளியேறும் கிருமிகள் நீரை அடைந்து, அந்நீரைப் பருகும் மற்றொருவரின் வாய்வழியே குடலைச் சென்று சேர்கின்றன. இக்கிருமிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பாக்டீரியாக்கள். காலரா, டைபாய்டு, ஒருவகைச் சீதபேதி ஆகியவை இவற்றால் வருவன. காலராக் கிருமியை 1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் கண்டறிந்தார். இரண்டாவது, வைரஸ்கள். ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ, இளம்பிள்ளைவாதம், குழந்தைகளுக்கு வரும் ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்கு ஆகியவை இவற்றுள் அடங்கும். மூன்றாவது, ஒற்றைச் செல் உயிரிகள். அமீபா சீதபேதி, ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் ஆகியவற்றை இவ்வகைக்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். இவை தடித்த உறையினுள் இருந்துகொண்டு நீரில் நெடுநாள் உயிர்வாழ வல்லவை.

இம்மூன்று வகைகளும் ஒரே மருந்துக்குக் கட்டுப்படுவதில்லை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். பாக்டீரியாக்கள் குளோரினுக்கு எளிதில் அழியும். வைரஸ்களை அழிக்கக் கூடுதலான அளவும் கூடுதலான நேரமும் தேவை. கிரிப்டோஸ்போரிடியம் குடிநீரில் கலக்கப்படும் அளவிலான குளோரினால் ஏறத்தாழ பாதிக்கப்படுவதேயில்லை. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், வடிகட்டிக் குளோரின் கலந்து வழங்கப்பட்ட குழாய் நீரால் சுமார் 4 லட்சம் பேர் இவ்வுயிரியால் நோயுற்றனர். வடிகட்டும் நிலையத்தில் நேர்ந்த குறைபாடே அதற்குக் காரணம். ஆகவே, இத்தகைய ஆபத்து வளரும் நாடுகளுக்கு மட்டுமே உரியது எனக் கருதுவது பொருந்தாது.

பல தடுப்புகள் தேவை

நவீன குடிநீர் வழங்கல் ஒரே ஒரு தடுப்பை நம்பி அமைவதன்று. ஆற்று நீரில் முதலில் படிகாரம் கலக்கப்படுகிறது. நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒன்றுசேர்ந்து கட்டியாகி, தெளிவுத் தொட்டியின் அடியில் படிகின்றன. தெளிந்த நீர் மணற் படுகையின் வழியே வடிகட்டப்படுகிறது. இறுதியாகக் குளோரின் சேர்க்கப்படுகிறது. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட தடுப்பு, தூய்மையான நீராதாரத்தைத் தேர்ந்து அதனைப் பாதுகாத்தல்.

வடிகட்டுதலின் சிறப்பை 1892-ஆம் ஆண்டின் காலராக் கொள்ளைநோய் உலகுக்கு உணர்த்தியது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்ப் ஆற்று நீரை வடிகட்டாமலே பயன்படுத்தியது. அதனை ஒட்டியுள்ள ஆல்டோனா நகரம், ஹாம்பர்க்கின் கழிவுகள் கலந்த பின்னர் அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீர் எடுத்தபோதிலும், மணல் வழியே வடிகட்டியே வழங்கியது. ஹாம்பர்க்கில் 8,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆல்டோனாவில் நோய் பெரிதும் பரவவில்லை. 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரக் குடிநீரில் தொடர்ச்சியாகக் குளோரின் கலக்கும் முறை தொடங்கியபின், அது விரைவில் பல நாடுகளுக்கும் பரவியது.

ஒரு தடுப்பு தவறும்போது அடுத்த தடுப்பு காக்க வேண்டும் என்பதே இவ்வமைப்பின் நோக்கம். தில்லியில் முதல் தடுப்பாகிய நீராதாரமே தகர்ந்தது. அந்தச் சுமை முழுவதும் இறுதித் தடுப்பாகிய குளோரின் மீது விழுந்தது.

குளோரினின் ஆற்றலும் எல்லையும்

குளோரின் கலந்தவுடன் நீர் தூய்மையாகிவிடுவதில்லை. சேர்க்கப்படும் குளோரினில் ஒரு பகுதியை நீரிலுள்ள அழுக்குப் பொருள்களே கவர்ந்துகொள்கின்றன. இதனை நீரின் குளோரின் தேவை என்பர். அத்தேவை நிறைவுற்ற பின்னர் எஞ்சி நிற்கும் குளோரினே கிருமிகளை அழிக்கவும், குழாய் வழியில் நீரைக் காக்கவும் பயன்படுகிறது. கழிவுநீர் கலந்த நீரில் அம்மோனியா மிகுந்திருக்கும். குளோரின் அதனோடு சேர்ந்து குளோரமைன் என்னும் கூட்டுப்பொருளாக மாறுகிறது. தனித்த குளோரினோடு ஒப்பிடுகையில் இதன் கிருமி கொல்லும் ஆற்றல் மிகக் குறைவு. எனவே அளவைக் கூட்டினாலும், நீர் அழுக்கடைந்திருக்கும்போது எதிர்பார்க்கும் பயன் கிட்டுவதில்லை.

மேலும், நீர் கலங்கலாக இருப்பின் நுண்துகள்களுக்குள் கிருமிகள் மறைந்து தப்புகின்றன. நீரின் காரத்தன்மை கூடினாலும் குளோரினின் வேகம் தளர்கிறது. குறைந்தது 30 நிமிட நேரமேனும் குளோரின் நீரோடு கலந்து நிற்றல் வேண்டும். அளவு, நேரம், தெளிவு ஆகிய மூன்றும் பொருந்தினாலன்றிக் குளோரினை நம்புவதில் பயனில்லை.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமாகிய ஐ.எஸ். 10500 முதன்முதலில் 1983-இல் வகுக்கப்பட்டு, 1991-இலும் 2012-இலும் திருத்தப்பட்டது. இதன்படி லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லி கிராம் தனித்த குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். வைரஸ் தொற்றிலிருந்து பாதுகாப்புத் தேவைப்படும்போது இவ்வளவு 0.5 மில்லி கிராமாக இருத்தல் வேண்டும். 100 மில்லி லிட்டர் நீரில் ஈ-கோலை பாக்டீரியா ஒன்றுகூடக் காணப்படலாகாது.

குழாயினுள் நேரும் கேடு

சுத்திகரிப்பு நிலையத்தை விட்டு வெளியேறும் நீர் எவ்வளவு தூய்மையாயினும், வீட்டை அடையும் நீரும் அவ்வாறே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இந்திய நகரங்களில் பெரும்பாலானவற்றில் நாளொன்றுக்குச் சில மணி நேரமே நீர் திறந்துவிடப்படுகிறது. சில ஊர்களில் சில நாட்களுக்கு ஒருமுறையே நீர் வருகிறது. நீர் நிரம்பி அழுத்தத்துடன் ஓடும்போது, குழாயில் விரிசல் இருப்பினும் நீர் வெளியே கசியுமேயன்றி, வெளியிலுள்ளது உள்ளே புகாது. நீரை நிறுத்தியவுடன் அழுத்தம் குறைகிறது. அப்போது குழாயைச் சூழ்ந்துள்ள மண்ணிலும் பள்ளத்திலும் தேங்கியுள்ள சாக்கடை நீர் அதே விரிசல் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. மறுநாள் நீர் திறக்கப்பட்டதும் முதலில் வருவது இந்நீரே.

சாக்கடையும் குடிநீர்க் குழாயும் ஒரே தெருவில், பல இடங்களில் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. வீட்டு இணைப்புக் குழாய்கள் சாக்கடையினூடே செல்வதையும் காணலாம். போதிய அழுத்தமின்றி நீர் வருவதால் சிலர் குழாயிலேயே நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சுகின்றனர். இது அவர்களுக்கு நீரைத் தருவதோடு, அக்கம்பக்கத்துக் குழாய்களில் அழுத்தத்தை மேலும் குறைத்துக் கழிவுநீரையும் உள்ளே இழுக்கிறது. ஒருவரின் வசதி தெருவினர் அனைவருக்கும் கேடாக முடிகிறது.

கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாட் நகரங்களில் 2008 முதல் சில பகுதிகளுக்கு 24 மணி நேரமும் நீர் வழங்கப்பட்டது; மற்றப் பகுதிகளில் பழைய முறையே தொடர்ந்தது. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வில், இடைவிடாது நீர் பெற்ற பகுதிகளின் குழாய்களில் மலக் கலப்பு மிகவும் குறைந்திருந்தது தெரியவந்தது. ஒரே நகரம், ஒரே சுத்திகரிப்பு. வேறுபட்டது வழங்கும் முறை மட்டுமே. ஒடிசாவின் பூரி நகரில் 2021 ஜூலை முதல், குழாயிலிருந்தே நேராகப் பருகத்தக்க நீரை 24 மணி நேரமும் வழங்கும் திட்டம் செயற்படுத்தப்பட்டது. இடைவிடாத வழங்கல் என்பது வசதிக்காக மட்டுமன்று, நோய்த் தடுப்புக்காகவும் வேண்டப்படுவது என்பதை இவை காட்டுகின்றன.

குடத்தில் நேரும் கேடு

நீர் விட்டுவிட்டு வருமாயின் அதனைச் சேமித்து வைப்பதன்றி மக்களுக்கு வேறு வழியில்லை. இங்கு மற்றோர் ஆபத்து காத்திருக்கிறது. வாயகன்ற குடத்திலோ அண்டாவிலோ கையுடன் குவளையை விட்டு நீர் முகக்கும்போது விரல்களில் உள்ள கிருமிகள் நீரில் கலக்கின்றன. எஞ்சிய குளோரின் சில மணி நேரத்தில் ஆவியாகியும் வினைபுரிந்தும் மறைந்துவிடுகிறது. தூய்மையாக வந்த நீர், மாலைக்குள் மாசுபடுவது இவ்வாறே.

குறுகிய வாயுள்ள, மூடியிட்ட கலத்தில் நீரைச் சேமித்தலும், நீண்ட பிடியுள்ள அகப்பையால் முகத்தலும், அல்லது அடியில் சிறு குழாய் பொருத்திய பாத்திரத்தைப் பயன்படுத்தலும் எளிய தீர்வுகளாம். ஐயம் தோன்றும் காலங்களில் நீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதே மிகவும் உறுதியான முறை. நீர் நன்கு தளதளவெனக் கொதித்தால் மூவகைக் கிருமிகளும் மடிகின்றன. ஆனால் எரிபொருளுக்குச் செலவாகும். ஏழைக் குடும்பங்கள் நாள்தோறும் இதனைச் செய்ய இயலாது. குளோரின் மாத்திரை மலிவானது. எனினும் தெளிந்த நீரில் மட்டுமே இது பயன் தரும். கலங்கல் நீராயின் முதலில் துணியால் வடிகட்டித் தெளிய வைத்த பின்னரே மாத்திரை இடுதல் வேண்டும். நீர் வழங்குவோர் தம் கடமையைச் செய்யத் தவறி, அதன் சுமையைக் கொதிக்கவைக்கும் தாய்மார்கள் மீது நிரந்தரமாக ஏற்றிவிடுவது முறையாகாது.

கிராமத் தொட்டிக்கு ஒரு கணக்கு

2019 ஆகஸ்டு 15-இல் ஜல் ஜீவன் இயக்கம் தொடங்கப்பட்டபோது, நாட்டின் ஊரக வீடுகளில் 3.23 கோடி, அதாவது ஏறத்தாழ 17 விழுக்காட்டு வீடுகளே குழாய் இணைப்புப் பெற்றிருந்தன. பின்னர் இத்தொகை 15 கோடியைத் தாண்டியது. இணைப்புகள் பெருகப் பெருக, அவற்றின் வழியே செல்லும் நீரின் தூய்மையைக் காக்கும் பொறுப்பும் சிற்றூர்களை வந்தடைந்துள்ளது. தனிக் கிணறு கெட்டால் சில குடும்பங்கள் நோயுறும். ஊர்த் தொட்டி கெட்டால் ஊரே நோயுறும்.

ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி 1 லட்சம் லிட்டர் கொள்ளளவு உடையது எனக் கொள்வோம். லிட்டருக்கு 2 மில்லி கிராம் வீதம் குளோரின் சேர்க்க வேண்டுமாயின், தொட்டிக்கு 200 கிராம் குளோரின் தேவை. புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறத்தாழ 33 விழுக்காடு குளோரின் இருக்கும். ஆகவே சுமார் 600 கிராம் தூள் போதும். ஆனால் காற்றும் ஈரமும் வெயிலும் பட்டால் தூள் தன் ஆற்றலை இழந்துவிடுகிறது. அது 25 விழுக்காடாகக் குறைந்திருப்பின் 800 கிராம் தேவைப்படும். ஓராண்டாகத் திறந்த மூட்டையில் கிடந்த தூளைப் பழைய கணக்கின்படி கொட்டினால், பதிவேட்டில் மருந்து சேரும், நீரில் சேராது.

தூளை நேராகத் தொட்டியில் கொட்டுதல் கூடாது. ஒரு வாளியில் சிறிது நீர்விட்டுக் குழைத்து, மேலும் நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்த பின்னர் மேலேயுள்ள தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரைமணி நேரம் கழித்தே நீரைத் திறக்க வேண்டும். இவ்வளவும் சரியாக நடந்ததா என்பதை அறிய ஒரே வழி, தொட்டியின் அடியில் அன்று, ஊரின் கடைக்கோடித் தெருக்குழாயில் எஞ்சிய குளோரினை அளந்து பார்ப்பதாகும். அங்கே 0.2 மில்லி கிராம் இருக்குமாயின் இடைப்பட்ட இடங்களிலும் பாதுகாப்பு இருப்பதாகக் கொள்ளலாம்.

சோதனைகளும் அவற்றின் வரம்பும்

எஞ்சிய குளோரினை டி.பி.டி. மாத்திரையைக் கொண்டு சில நிமிடங்களில் அளந்துவிடலாம். நீர் இளஞ்சிவப்பு நிறமடைவதை அட்டையிலுள்ள நிறங்களோடு ஒப்பிட வேண்டும். மலக் கலப்பை அறிவதற்கு 1982-இல் குவாலியரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள் எளியதொரு முறையை வெளியிட்டனர். மருந்து தோய்ந்த காகிதம் உள்ள குப்பியில் நீரை நிரப்பி வைத்தால், மாசுபட்ட நீர் ஓரிரு நாட்களில் கறுத்துவிடும். ஆய்வுக்கூடம் இல்லாத இடங்களுக்கு உகந்த இம்முறை பல நாடுகளில் பயன்பாட்டுக்கு வந்தது. ஜல் ஜீவன் இயக்கத்தின்கீழ் ஒவ்வொரு கிராமத்திலும் 5 பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கையாளும் பயிற்சி அளிக்க வகைசெய்யப்பட்டது.

எனினும் இச்சோதனைகளின் வரம்பை அலுவலர்கள் உணர்ந்திருத்தல் வேண்டும். நீரில் உள்ள ஒவ்வொரு நோய்க் கிருமியையும் நாள்தோறும் தேடுவது இயலாது. எனவேதான் மலக் கலப்புக்கு அடையாளமாக ஈ-கோலை பாக்டீரியா தேடப்படுகிறது. அது காணப்பட்டால் நீர் கெட்டது என்பது திண்ணம். அது காணப்படாவிட்டால் நீர் முற்றிலும் நல்லது எனக் கூற முடியாது. ஏனெனில் குளோரினுக்கு முதலில் மடிவது அதுவே. தில்லியில் அடையாளக் கிருமி அழிந்தது. நோய்க் கிருமி தப்பிப் பிழைத்தது. மேலும் பாக்டீரியாச் சோதனையின் முடிவு தெரிய ஒரு நாளேனும் ஆகும். அதற்குள் அந்நீரை ஊரார் பருகி முடித்திருப்பர்.

இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், இறுதி நீரைச் சோதிப்பதோடு நில்லாமல் நீராதாரம் முதல் வீட்டுக் குவளை வரை ஒவ்வொரு கட்டத்திலும் நேரக்கூடிய கேட்டை முன்னரே கண்டு தடுக்கும் நீர்ப் பாதுகாப்புத் திட்டம் என்னும் கருத்தை வலியுறுத்தியது.

நிர்வாகத்தின் பொறுப்பு

நீர் மாசுத் தடுப்புக்கான மத்தியச் சட்டம் 1974-இல் இயற்றப்பட்டது. 1992-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 73, 74-ஆம் திருத்தங்கள், குடிநீர் வழங்கலை ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் உரிய பணிகளின் பட்டியலில் சேர்த்தன. மாசற்ற நீரைப் பெறுதல் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு உறுதியளிக்கும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என 1991-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டத்துக்குக் குறைவில்லை. நடைமுறையில் கழிவுநீரைக் கவனிப்போர் ஒரு துறையினர், குடிநீரை வழங்குவோர் மற்றொரு துறையினர், நோயைக் கணக்கிடுவோர் வேறொரு துறையினர். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கு எட்டுமுன் நோய் பரவிவிடுகிறது.

2015-16 குளிர்காலத்தில் சிம்லாவில் பரவிய மஞ்சள் காமாலை இதற்கொரு சான்று. நகரின் நீராதாரங்களுள் ஒன்றாகிய அஷ்வனி கட் ஓடையில், மேலேயுள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவு கலந்தது. அங்கும் நோய் ஹெபடைடிஸ் ஈ என்றே அறியப்பட்டது. 1956-க்கும் 2016-க்கும் இடையே 60 ஆண்டுகள். 1991-இல் கான்பூர் நகரும் இதே நோயின் பெரும் கொள்ளைநோய்க்கு உள்ளாயிற்று. வைரஸ் இனங்காணப்பட்டது, தரம் வகுக்கப்பட்டது, சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் இறைப்பிடத்துக்கும் கழிவுநீருக்கும் இடையேயுள்ள தூரம் பல இடங்களில் கூடவில்லை.

ஹெபடைடிஸ் ஈ வைரஸ் உடலில் புகுந்து நோய் வெளிப்பட 2 முதல் 10 வாரங்கள் ஆகும். நோயாளிகள் மருத்துவமனைக்கு வரும்போது, அதற்குக் காரணமான நீர் குழாயை விட்டு நீங்கி நெடுநாளாகியிருக்கும். அன்று எடுக்கும் நீர் மாதிரி தூய்மையாகவே இருக்கக்கூடும். அதைக் காட்டி நீரில் குற்றமில்லை என அறிவிப்பது தவறான முடிவாகும். மாறாக, நீராதாரத்தில் மாசு கலந்ததை அறிந்த அன்றே மக்களுக்கு அறிவித்துவிட்டால், பல வாரங்களுக்குப் பின் வரக்கூடிய நோயை முன்கூட்டியே தடுக்க இயலும். நீரைக் கொதிக்கவைக்குமாறு ஓர் அறிவிப்பு. கருவுற்ற பெண்கள் உள்ள வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர் வழியே தனிச் செய்தி. தேவையாயின் அவ்வாதாரத்திலிருந்து நீர் எடுப்பதை நிறுத்திவிட்டு லாரிகள் மூலம் மாற்று நீர். இவற்றுக்குப் பெரும் செலவில்லை. மக்கள் அஞ்சுவார்களோ, குறை கூறுவார்களோ என்னும் தயக்கமே தடையாக நிற்கிறது. அத்தயக்கத்தின் விலையைக் கொடுப்பவர்கள், அறிவிப்பை எதிர்பார்த்து நீரைக் குடித்தவர்களே.

நம்பிக்கை தரும் முன்மாதிரியும் நம் நாட்டிலேயே உண்டு. குடிநீர்வழிப் பரவிய நரம்புச் சிலந்தி நோய் ஒருகாலத்தில் ராஜஸ்தான் முதலிய மாநிலங்களின் சிற்றூர்களை வாட்டி வந்தது. அதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. மக்கள் இறங்கி நீர் முகக்கும் படிக்கிணறுகள் மாற்றியமைக்கப்பட்டன, கைப்பம்புகள் அமைக்கப்பட்டன, நீரைத் துணியால் வடிகட்டிக் குடிக்கும் பழக்கம் கற்பிக்கப்பட்டது, ஒவ்வொரு நோயாளியும் தேடிக் கண்டறியப்பட்டார். 1996-இல் கடைசி நோயாளி பதிவானார். 2000-ஆம் ஆண்டில் இந்தியா இந்நோயினின்றும் விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பொறியாளரும் மருத்துவரும் ஊர்ப் பணியாளரும் ஒரே இலக்கை நோக்கி உழைத்ததால் விளைந்த வெற்றி அது.

தில்லி நிகழ்ச்சிக்குப் பின்னர் வஜீராபாத்தில் ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டப்பட்டு, கழிவுநீர்க் கால்வாய் கலக்கும் இடத்தினின்றும் இறைப்பிடம் பிரிக்கப்பட்டது. மருந்தின் அளவைக் கூட்டுவது அன்றைய தேவை. கழிவைக் குடிநீரினின்றும் பிரிப்பதே நிலையான தீர்வு. நாட்டின் எந்தக் குடிநீர்த் திட்டத்தை ஆராயும் அலுவலரும், எத்தனை வீடுகளுக்குக் குழாய் அமைந்தது என்று கேட்பதோடு, மேலும் மூன்று வினாக்களைக் கேட்டல் நலம். நீர் எடுக்கும் இடத்துக்கு மேலே என்ன கலக்கிறது? நாளின் எத்தனை மணி நேரம் குழாயில் அழுத்தம் இருக்கிறது? கடைசித் தெருவின் கடைசி வீட்டில் குளோரின் எவ்வளவு எஞ்சியிருக்கிறது? இம்மூன்றுக்கும் விடை அறிந்த ஊரில் குழாயைத் திறப்பவர் அச்சமின்றிப் பருகலாம்.